பல்லடத்துப் பெட்ரோல்

பீளமேடு, கோயமுத்தூர்
26.7.1998

மாப்பிள்ளை கதிர்வேல் அவர்களுக்கு,

ப. செங்கோடன் ஆகிய நான், உங்கள் அக்கா தெய்வாத்தாளின் கணவன் என்ற முறையில் அல்லாமல், வரும் அக்டோபர் மாத மலைப்பாதைக் கார் ராலியின் தலைமைத் தொழில்நுட்பப் பரிசோதகன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். நோக்கம் இரண்டு. உங்கள் காருக்கு எந்தக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்தலாம் என்று அக்கா மூலம் கேட்டனுப்பினீர்கள். அதற்கு விடை சொல்வது ஒன்று. இனி எதையும் அக்கா மூலம் கேட்டனுப்பக் கூடாது என்று சொல்வது மற்றொன்று.

நேற்று நான் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் அவள், "ஏனுங்க, தம்பி போன் பண்ணுனானுங்க. ஏதோ பொகை டப்பா வாங்கோணுமாமா, எது நல்லதுன்னு கேக்கச் சொன்னான்" என்றாள். போட்டியாளர் ஒருவருக்குப் பரிசோதகன் தன் வீட்டுச் சமையலறை வழியாக ஆலோசனை சொல்வது முறையன்று. ஆகவே எவர் கேட்டாலும் சொல்லக்கூடியதை மட்டும் எழுத்தில் தருகிறேன். ராலி முடியும்வரை நீங்கள் பீளமேட்டு வீட்டுக்கு வரவேண்டாம். நானும் கோபிக்கு வரமாட்டேன். தொலைபேசியும் வேண்டாம். உறவினர் போட்டியிடுவதால் என்னை விடுவிக்குமாறு குழுவிடம் கேட்டேன். என் உதவியாளர் சுந்தரராஜுலுவுக்கு இன்னும் பழக்கம் போதாது என்று மறுத்துவிட்டார்கள்.

இனி விடை. உங்கள் கார் சென்னையில் விற்கப்பட்டபோது கன்வெர்ட்டருடன் வந்தது. முந்தைய உரிமையாளர் அதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்துவிட்டார். இவ்வாண்டின் புதிய விதிப்படி, கன்வெர்ட்டருடன் வந்த கார் வேலை செய்கிற கன்வெர்ட்டருடன்தான் புறப்பட வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான்.

கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயின் நடுவே வரும் உருளை. உள்ளே தேனடை போன்ற துளைகள். அவற்றின் சுவரில் பூசிய பிளாட்டினம் நச்சுப்புகையை எரித்துவிடும். கம்பெனி வைப்பதில் துளைகள் மிக நெருக்கம். நீங்கள் கேம் ஷாஃப்டையும் கார்புரேட்டரையும் மாற்றிவிட்ட எஞ்சினுக்கு அதில் மூச்சு முட்டும். 'ஹை ஃப்ளோ' என்று விற்பவற்றில் துளை பெரிது, சுவர் மெல்லிய உலோகத் தகடு. ஆனால் மிகப் பெரிய துளையுள்ளதை வாங்காதீர்கள். புகை சுவரில் படாமலே ஓடிவிடும். நடுத்தரத் துளை, உலோகத் தகடு: இதுவே என் பரிந்துரை.

இப்படிக்கு,
ப. செங்கோடன்


கோபிசெட்டிபாளையம்
1.8.98

மதிப்பிற்குரிய மச்சானுக்கு, கதிர்வேல் எழுதுவது.

'மாப்பிள்ளை கதிர்வேல் அவர்களுக்கு' என்று டைப் அடித்து வந்ததைப் பார்த்ததும் ஏதோ சாவுச் சேதி என்று வாழைத்தோப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் டப்பா சமாச்சாரம் என்று தெரிந்தது. சரிங்க, வீட்டுக்கு வரவில்லை. அக்கா கையால் ஒரு வாய் காப்பி குடித்தால்கூட அது லஞ்சம் ஆகுமா என்பதையும் விதியில் பார்த்து எழுதிவிடுங்கள்.

உக்கடத்தில் சைலன்சர் பட்டறை வைத்திருக்கும் நாகூர் மீரான் பாயிடம் போனேன். அவர் மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று சென்னையில் ஏதோ காரிலிருந்து வெட்டியது. ஒன்று பெரிய துளை. அதன் வழியாக அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மூன்றாவது நீங்கள் சொன்ன நடுத்தரம், அது பம்பாய் வழியாக வரவேண்டுமாம், காட்டியது படம்தான்.

"எதுக்குங்க தம்பி இத்தனை ரோசனை? இந்தப் பழசை எடுத்து உள்ள இருக்கறதைக் கம்பியில குத்திக் கொட்டிரலாம். வெளிய டப்பா, உள்ள காலி. புலி மாதிரி ஓடும்."

"செக் பண்ற ஆளு என்ற மச்சான், பாய்."

"அப்பறம் என்னத்துக்குப் பயம்?"

"அதுதானுங்க பயமே."

பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் விதி என்கிறீர்கள். என் பக்கம் என்ன இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்த ராலியில் முதல் ஐந்துக்குள் வந்தால் அடுத்த வருடம் பெங்களூர் அணியில் எனக்கு ஒரு கார் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முப்பத்தெட்டு ஆகிறது. இத்தனை வருடம் மஞ்சள் விற்றும் வாழை விற்றும் சொந்தச் செலவில் ஓட்டியாயிற்று. இன்னொரு முறை எவனும் கூப்பிடமாட்டான். படுத்தால் கால் சும்மா இருப்பதில்லை, கிளச்சை மிதித்துக்கொண்டே இருக்கிறது என்று, உங்களுக்குத் தங்கச்சி முறையான என் வீட்டுக்காரி தள்ளிப் படுக்கிறாள்.

காலி டப்பாவைக் கண்டுபிடிப்பீர்களா, இல்லையா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

கதிர்வேல்


பீளமேடு
6.8.1998

மாப்பிள்ளைக்கு,

கண்டுபிடிப்பேன். ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாலே காலி உருளை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதிலும் தப்பினால் வெப்பமானி இருக்கிறது. உயிருள்ள கன்வெர்ட்டரின் உள்ளே புகை எரிவதால், நுழையும் முனையைவிட வெளியேறும் முனை சூடாக இருக்கும். காலியாக இருந்தாலும் பூச்சு செத்துப்போயிருந்தாலும் அந்தச் சூடு வராது. 'சும்மா தெரிந்துகொள்ள' நீங்கள் கேட்டதைப் படித்தபின் நான் இரண்டு வகுப்புகளில் பலகையில் தவறாக எழுதினேன். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

பம்பாய் வழியாக வருவதற்கே சொல்லி அனுப்புங்கள். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைச் சிறிது குறையுங்கள். எரியாத பெட்ரோல் உள்ளே போனால் தேனடை உருகிவிடும்.

மிக முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். இனி அந்தக் காருக்கு ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே. சாதாரணப் பெட்ரோலில் கலந்துள்ள ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்து மூடிவிடும். ஒரு டேங்க் போட்டால் நோய். அடுத்தடுத்துப் போட்டால் மரணம். அதற்கு மருந்து கிடையாது. ஈயமில்லாதது கோவையிலேயே சில பங்க்குகளில்தான் கிடைக்கிறது. கோபியில் இல்லை என்பதை மறவாதீர்கள்.

செங்கோடன்


கோபி
27.8.98

மச்சானுக்கு,

டப்பா வந்து, மாட்டியாயிற்று. துளைகளை வெளிச்சத்தில் பார்த்தால் கைத்தறித் துணி மாதிரி இருக்கிறது. மீரான் பாயே, "இதுல போயிப் பொகைய விடறதுக்கு மனசு வல்லீங்க" என்றார். திம்பம் மலையில் ஏற்றிப் பார்த்தேன். வெறும் குழாய்க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை, மூன்றாவது கியரில் வளைவை விட்டு அப்படியே பிடுங்கிக்கொண்டு வருகிறது. மேலே நிறுத்தி இறங்கி, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு குதி குதித்தேன். உங்கள் தேர்வு தேர்வுதான். ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அக்கா போன் பண்ணி அழுதாள். ஐப்பசியில் லோகப்பிரியா கல்யாணம். "பொண்ணுக்குத் தாய்மாமன் நீ கூட வராம நான் தனியா எந்த வாசல்ல போயி நின்னு அழைக்கறது கண்ணு? உங்க மச்சான் விதிப் பொஸ்தகத்தையா கூட்டிட்டுப் போறது?" என்கிறாள். பல்லடத்தில் நஞ்சப்பன் பெரியப்பா வீட்டில் தங்கி, அங்கிருந்து தொண்டாமுத்தூர் வரைக்கும் எல்லா வீட்டுக்கும் போய் வந்துவிடலாம் என்று திட்டம். என்னிடம் இருப்பது இந்த ஒரு கார்தான். உங்கள் அனுமதி வேண்டும். நீங்களும் வந்தால் நன்றாயிருக்கும்.

கதிர்வேல்


பீளமேடு
1.9.1998

மாப்பிள்ளைக்கு,

கல்யாண அழைப்பு குடும்பக் கடமை. அதற்கும் ராலிக்கும் தொடர்பில்லை. நீங்கள் அக்காவை அழைத்துச் செல்லலாம். வீட்டுக்கு வராமல், சிங்காநல்லூர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நான் வர இயலாது. போட்டிக் காரில் பரிசோதகன் ஏறி அமர்ந்து ஊர் ஊராகப் போவதை யார் பார்த்தாலும் என்ன சொல்வார்கள்? மகள் கல்யாணத்துக்குத் தகப்பன் அழைக்க வரவில்லையே என்று கேட்பவர்களிடம், கல்லூரியில் தேர்வு என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். அது பொய்யுமன்று, தேர்வு நடக்கிறது. இருந்தாலும் இதை எழுதும்போது எழுந்து எழுந்து வாசல்வரை போய்வருகிறேன்.

செங்கோடன்


கோபி
14.9.98

மச்சானுக்கு,

அழைப்பெல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒரு வீடு பாக்கியில்லை.

ஒரு பொதுவான சந்தேகம். ஒருவர், பெயர் வேண்டாம், தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், புதுக் கன்வெர்ட்டர் மாட்டிய காரில் சாதாரணப் பெட்ரோல் போடும்படி ஆகிவிட்டது. ஒரு தடவை இல்லை, தினமும் காலையில் டேங்க் நிரம்ப. நான்கு நாள். அதன்பிறகு நல்ல பெட்ரோல் போட்டு வேகமாக ஓட்டினால் உள்ளே படிந்தது எரிந்து போய்விடுமா? அமிலம் ஊற்றிக் கழுவலாமா? உங்கள் கல்லூரிப் புத்தகங்களில் ஏதாவது இருந்தால் உடனே எழுதவும். உடனே என்றால் உடனே.

கதிர்வேல்


பீளமேடு
17.9.1998

மாப்பிள்ளைக்கு,

உங்கள் தெரிந்தவரிடம் இரு முனைகளின் வெப்பத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்முனை சூடேறவில்லை என்றால் கதை முடிந்தது. கழுவ முடியாது. எரிக்கவும் முடியாது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அக்காவிடம் ஒன்றுதான் கேட்டேன்: "பல்லடத்தில் காருக்குப் பெட்ரோல் எங்கே போட்டீர்கள்?" அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நாந்தானுங்க போட்டுக்கச் சொன்னேன். அவனைத் திட்டாதீங்க" என்று உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து இலையில் சோறு விழுகிறது, பேச்சு விழவில்லை.

நான் ஆகஸ்ட் ஆறாம் தேதிக் கடிதத்தில் எழுதியிருந்தேன். தெளிவாக எழுதியிருந்தேன். நீங்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

செங்கோடன்


கோபி
20.9.98

மச்சான்,

நான் வாய் திறக்கவில்லையா? நடந்ததை எழுதுகிறேன், அப்புறம் சொல்லுங்கள்.

நஞ்சப்பன் பெரியப்பா வீட்டு வாசலை ஒட்டியே அவர் பங்க். முதல் நாள் காலை அக்கா முன்னால் ஏறிவிட்டாள். பெரியப்பா தன் கையாலேயே பம்புக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். சுற்றிலும் பங்காளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள். நான் சொன்னேன்: "வேண்டாமுங்க பெரியப்பா. உங்க பெட்ரோல்ல ஈயம் இருக்குதுங்க. இந்தக் காருக்கு ஆகாது."

அவ்வளவுதான். குழாய் அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"என்ன கதிரு சொன்னே? என்ற பெட்ரோல்ல என்ன இருக்குது?"

"ஈயமுங்க."

"முப்பது வருசமா பங்க் வெச்சிருக்கறேன். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் கலந்தான் நஞ்சப்பன்னு எவனாச்சும் சொல்லியிருப்பானா? நான் ஈயத்தை அள்ளிப் போட்டேங்கறயா? எங்கடா போட்டேன், காட்டு!"

"கலப்படமில்லீங்க, கம்பெனியே போட்டு வர்றது..."

"அப்ப கம்பெனிக்காரன் திருடன், நான் கூட்டாளி. அப்படித்தானே? கேட்டுக்குங்கப்பா எல்லாரும்! பொண்ணுக்குத் தாய்மாமன், அழைக்க வந்த எடத்துல என்ற பெட்ரோலை மோந்து பாத்துச் சொல்றான்!"

கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், "படிச்சவங்க மச்சான் ஊடு, அப்படித்தான் பேசுவாங்க" என்று எண்ணெய் ஊற்றினார். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "போட்டுக்க கண்ணு. இவரு கோவிச்சுக்கிட்டா ஒரு சனம் கல்யாணத்துக்கு வராது." நான் டேங்க் மூடியைத் திறந்தேன். வேறு என்ன செய்வது? சாயங்காலம் அங்கேதான் திரும்ப வேண்டும். மறுநாள் நான் சொல்வதற்கு முன்பே நிரப்பி வைத்துவிட்டார். "ஈயமெல்லாம் செரிச்சுதா கதிரு?" என்று தினமும் ஒரு கேலி. நான்காம் நாள் என் மேல் இருந்த கோபம் போய் முதுகில் தட்டினார். டப்பா அதற்குள் செத்துவிட்டது. அளந்துவிட்டேன் மச்சான். பின்முனையில் சூடு இல்லை.

நீங்கள் அந்த வாசலில் இருந்திருந்தால் நடந்திருக்காது. புரொபசர் மாப்பிள்ளை சொன்னால் பெரியப்பா கேட்டிருப்பார். நீங்கள்தான் ஏறமாட்டேன் என்று விட்டீர்கள். மகள் கல்யாணம் உங்களுடையது, கார் என்னுடையது.

பம்பாயில் கேட்டேன், அதே டப்பா தீபாவளிக்குப் பிறகுதானாம். ராலி நான்காம் தேதி. ஒரே ஒரு வழி இருக்கிறது. சுந்தரராஜுலு சோதித்தால் புகைக்குழாயில் புகை அளக்கும் மீட்டரை மட்டும்தான் விடுவார், வெப்பம் பார்க்க மாட்டார். ஜெட்டை இறுக்கி வைத்தால் மீட்டரில் பாஸ் ஆகிவிடும், ஆக்கியும் பார்த்துவிட்டேன். உங்களுக்கு அன்று காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளுங்கள். வேறொன்றும் நான் கேட்கவில்லை. இதுவரை எதையும் கேட்டதில்லை.

கதிர்வேல்


பீளமேடு
23.9.1998

மாப்பிள்ளை கதிர்வேலுக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை. வராது.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் எந்த நாற்காலியிலும் நிலையாக உட்காரவில்லை. முதலில் உங்களுக்குக் கடுமையான மறுப்பு ஒன்று டைப் அடித்தேன். படித்துப் பார்த்தேன். அதில் எழுதியிருந்த ஒவ்வொரு வாக்கியமும் சரி. அதைத் தபாலில் சேர்க்க என்னால் முடியவில்லை. பிறகு வெறுமனே விலகிவிடலாம் என்று ஒரு கடிதம் எழுதினேன். அதுவும் ஆகாது. நான் விலகிப் பேசாமல் இருந்தால், செத்த கன்வெர்ட்டர் என்று தெரிந்தே ஒரு காரைப் புறப்பட விட்டவன் ஆவேன். பதவியைத் திருப்பிக் கொடுக்கலாம். தெரிந்துகொண்டதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்று உண்மை. அந்தப் பொருள் அழிந்தது என் வீட்டுக் காரியத்தில். ஈடு செய்ய வேண்டியவன் நான். பரிசோதகன் போட்டியாளருக்கு ஓர் ஆணிகூடக் கொடுக்க முடியாது. மச்சான் கொடுக்கலாம், கொடுத்தே ஆகவேண்டும்.

இன்று காலை உங்கள் அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப பதவி போயிருமுங்களா?" என்றாள். போய்விடும் என்றேன். "தம்பி ஓடுவானுங்களா?" என்றாள். தெரியாது என்றேன். அவள் பெட்டியில் என் வேட்டியை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டாள்.

சென்னை வியாபாரி ஒருவரிடம் தொலைபேசியில் விசாரித்தேன். நடுத்தரத் துளை இல்லை. இருப்பவை இரண்டு வகை: கம்பெனி வைக்கும் நெருக்கத் துளை, நான் வாங்காதீர்கள் என்று எழுதிய பெருந்துளை. நெருக்கத் துளையை மாட்டினால் சோதனையில் தேறலாம், ஆனால் திம்பம் ஏற்றத்தில் உங்களை எல்லாரும் தாண்டிப் போவார்கள். ஆகவே பெருந்துளையை வாங்குகிறேன், ஒன்றன்று, இரண்டு. ஒன்றன் பின் ஒன்றாகப் பொருத்தினால், முதலாவதில் படாமல் தப்பும் புகை இரண்டாவதில் படும். விதியில் எத்தனை இருக்கலாம் என்று சொல்லப்படவில்லை. எழுதியவன் நான், இருமுறை படித்துப் பார்த்துவிட்டேன். வெப்பச் சோதனையில் அது தேறுமா என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. கணக்கு தேறும் என்கிறது. கணக்கை நான் மூன்று காகிதங்களில் போட்டேன்.

இனி நான் செய்யப்போவது இது. இன்று மதியம் குழுவிடம் விலகல் கடிதம் கொடுப்பேன். உங்கள் காரின் கன்வெர்ட்டர் செத்துவிட்டது, அதற்குப் பதில் பொருத்தப்போகிறவன் நான், சுந்தரராஜுலு கட்டாயம் வெப்பம் அளந்தே முடிவு செய்ய வேண்டும் என்பதை அதில் எழுதியிருக்கிறேன். எப்படி அளப்பது என்பதையும் இணைத்திருக்கிறேன். அதன்பின் அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பல்லடம் போவேன். பெரியப்பாவைப் பார்த்து, அவர் பெட்ரோல் சுத்தமானது, ஈயம் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்த்து அனுப்புவது என்பதை அந்தக் கோழிப்பண்ணைக்காரர்கள் முன்னிலையில் சொல்வேன். மகள் கல்யாணத்துக்கு நானே என் வாயால் அழைப்பேன். நாளை சென்னை. அங்கிருந்து உருளைகளை வாங்கிக்கொண்டு நேரே வருவேன். மீரான் பாயை வெல்டிங் சாமான்களுடன் வரச் சொல்லி வையுங்கள். டேங்கைக் கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். அதுவரை அந்தக் கார் ஓர் அடிகூட நகரக் கூடாது.

நான்காம் தேதி வரிசையில் உங்கள் பக்கத்தில் நிற்பேன். சுந்தரராஜுலு வேண்டாம் என்று சொன்னால், வேண்டாம்தான். அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீங்களும் பேசக் கூடாது.

சனிக்கிழமை காலை, கோபிக்கு வாரேன்.

செங்கோடன்